தோண்டாமல் ஒரு ரோமானிய நகரத்தை வரைவது எப்படி?

ரோமுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் ஃபலேரி நோவி என்று ஓர் இடம் இருக்கிறது. போய்ப் பார்த்தால் ஒரு மதில், அதில் ஒரு வாசல், 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று, மிச்சமெல்லாம் வயல். அந்த வயலுக்கு அடியில் 30.5 ஹெக்டேர் பரப்பில் ஒரு நகரம் படுத்திருக்கிறது. கி.மு. 241இல் ஃபலேரி மக்கள் ரோமை எதிர்த்துக் கிளம்பினார்கள். ரோம் அவர்களை அடக்கி, பழைய ஊரிலிருந்து கிளப்பி, இந்தச் சமவெளியில் கொண்டுவந்து குடிவைத்தது. கி.பி. 700 வாக்கில் ஊர் காலியானது. அதன்பின் புல்லும் உழவும்தான்.

2020இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நகரத்தின் வரைபடத்தை வெளியிட்டார்கள். குளிப்பகம், சந்தைக் கட்டடம், கோயில், தெருக்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் ஓடிய தண்ணீர்க் குழாய்கள் வரை அதில் இருந்தன. அந்த வரைபடத்துக்காக ஒரு மண்வெட்டிகூட மண்ணில் விழவில்லை.

இதை எப்படிச் செய்கிறார்கள், புதிதாகப் போகிறவர் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஐரோப்பாவில் படிக்கப் போன மாணவர்கள், கோடை விடுமுறையில் தன்னார்வலராகச் சேர நினைக்கிறவர்கள், அங்கேயே குடியிருந்து உள்ளூர்த் தொல்லியல் குழுக்களில் எட்டிப்பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் பேராசிரியர் இல்லை. சில கோடைகளில் இங்கிலாந்து வயல்களில் கருவி சுமந்து நடந்தவள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்

எந்தக் கருவியும் சுவரைப் பார்ப்பதில்லை. கருவிக்குச் சுவரும் தெரியாது, ரோமும் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் பக்கத்து மண்ணுக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள வேறுபாடு. ஒன்று காந்தத்தில் உள்ள வேறுபாட்டை அளக்கும், இன்னொன்று மின்சாரம் பாய்வதில் உள்ளதை, மற்றொன்று ரேடியோ அலை திரும்பி வருவதில் உள்ளதை. சுண்ணாம்புப் பாறை நிலத்தில் சுண்ணாம்புக் கல்லாலேயே சுவர் கட்டி, அது இடிந்து அதே கல் சுற்றிலும் சிதறிக் கிடந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் கையை விரித்துவிடும். அதனால் 'எந்தக் கருவி நல்லது?' என்று கேட்பதில் பயனில்லை. இந்த ஊரில் எதனால் கட்டினார்கள், எந்த மண்ணில் கட்டினார்கள் என்பதுதான் முதல் கேள்வி. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

படி 1: அனுமதி

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். அது மட்டும் போதாது. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவிக்கப்பட்ட இடத்தில், பெயர் பெற்ற ரோமானிய நகரங்களில் பெரும்பாலானவை அப்படித்தான், 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி உரிமம் வாங்காமல் காந்தமானியை எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது. தோண்டப்போவதில்லையே என்று வாதாட இடமில்லை. இத்தாலியில் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழுள்ள அந்தந்த வட்டாரத் தொல்லியல் அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். இதற்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

நிலத்துக்காரரிடம் போகும்போது கேட்டுக்கொண்டு வர வேண்டியவை சில உண்டு. எப்போது உழுவார், எப்போது விதைப்பார், மாடோ ஆடோ மேய்கிறதா, அடியில் எரிவாயுக் குழாய் போகிறதா என்பவை. இன்னொன்றும் முக்கியம்: வயலுக்கு நகராட்சிக் குப்பையிலிருந்து செய்த கம்போஸ்ட் உரம் போட்டாரா? அதில் உடைந்த உலோகத் துணுக்குகள் கலந்திருக்கும். அப்படிப்பட்ட வயலில் காந்தமானிப் படம் அம்மைத் தழும்பு போல வரும், வேறெதுவும் தெரியாது. ஒரு கப் டீ குடித்துக்கொண்டே இதைக் கேட்டுவிட்டால் ஒரு வார உழைப்பு மிஞ்சும்.

படி 2: வீட்டிலிருந்தபடியே பார்க்க வேண்டியவை

நம் ஊரில் தூர்த்துப்போட்ட கிணற்றின் மேல் பயிர் வைத்தால் அந்த வட்டம் மட்டும் செழித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் பாறை இருந்தால் பயிர் சீக்கிரம் மஞ்சளாகும். இதே சங்கதிதான். புதைந்த சுவரின் மேல் மண் கொஞ்சம்தான் இருக்கும், ஈரம் நிற்காது, பயிர் வாடும். புதைந்த அகழியின் மேல் மண் ஆழம், பயிர் உயரமாகவும் பச்சையாகவும் வளரும். தரையில் நின்றால் தெரியாது. மேலிருந்து பார்த்தால் தெருவே தெரியும். இதைப் பயிர்த்தடம் என்று வைத்துக்கொள்வோம்.

விமானம் வருவதற்கு வெகு காலம் முன்பே மனிதர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள ரிச்பரோவில் தானியம் வளரும் காலத்தில், ஒன்றையொன்று வெட்டிப் போகும் தெருக்களின் மேல் பயிர் மெலிந்து நிற்பதையும், ஊர்மக்கள் அதைப் புனித அகஸ்டினின் சிலுவை என்று சொன்னதையும் வரலாற்றாளர் வில்லியம் காம்டன் 400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். 1928 கோடையில் பிரிட்டிஷ் விமானப்படை நார்ஃபோக்கில் எடுத்த ஒரு படத்தில் வெண்டா இசெனோரம் என்ற நகரத்தின் தெருக்கள் கோடு போட்ட நோட்டு மாதிரி தெரிந்தன. அடுத்த ஆண்டே அங்கு அகழாய்வு தொடங்கிவிட்டது.

எனக்குப் பிடித்த கதை அல்டினும். வெனிஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சோளமும் சோயாவும் விளையும் வயல்களுக்கு அடியில் கிடக்கும் ஊர் இது. வெனிஸ்காரர்களின் முன்னோர் இங்கிருந்துதான் கடற்காயல் தீவுகளுக்குப் போனார்கள் என்பது பழைய வழக்கு. 2007 ஜூலையில் கடும் வறட்சி. பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய அகச்சிவப்பு அலைநீளத்திலும் பதிவாகும் வகையில் வான்படங்கள் எடுத்தார்கள். மதில், தெருக்கள், மன்றம் (ஊர் நடுவிலுள்ள பொதுச் சதுக்கம்), நாடக அரங்கு, வட்டரங்கு (வாள்வீரர்கள் மோதும் களம்), ஊருக்குள் புகுந்து போகும் பெரிய கால்வாய் எல்லாம் தெரிந்துவிட்டன. 2009இல் அந்த வரைபடம் வெளியானது. விவசாயிக்கு நட்டமான ஆண்டு இவர்களுக்கு அறுவடை ஆண்டானது.

ஆகவே முதல் வேலை, செயற்கைக்கோள் படங்களில் உங்கள் இடத்தைத் தேடி, பழைய ஆண்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவது. ஒரே படத்தைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று மூடிவிடாதீர்கள். ஜூன், ஜூலையில் எடுத்தவற்றை, அதிலும் மழை பொய்த்த ஆண்டுகளுடையவற்றை முதலில் பாருங்கள். இங்கிலாந்து என்றால் அரசின் சுற்றுச்சூழல் முகமை லைடார் தரவுகளை இலவசமாகவே தருகிறது. அது விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சித் தரையின் மேடுபள்ளத்தை அளந்தது. அதைக் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற நிலப்பட மென்பொருளில் ஏற்றி, சாய்வான வெயில் அடிப்பது போல நிழல் போட்டுப் பார்த்தால், ஒரு சாண் உயரமுள்ள பழைய தெருமேடுகூட எழுந்து நிற்கும். பழைய நிலவரைபடங்களில் வயல்களின் பெயர்களையும் படியுங்கள். 'கருப்பு வயல்', 'கோட்டை வயல்' என்ற மாதிரிப் பெயர் கண்டால் காதை விடைத்துக்கொள்ள வேண்டும்.

படி 3: கட்டம் போடுவது

நகரம் முழுவதையும் 30 மீட்டர் அல்லது 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு முளை அடிப்பது. இரண்டு செ.மீ. அளவுக்குத் துல்லியம் தரும் ஜிபிஎஸ் கருவி இப்போது பெரும்பாலான குழுக்களிடம் இருக்கிறது. இல்லாவிட்டால் இரண்டு டேப்பும் பிதாகரஸும் போதும்: 30 மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம் 42.43 மீட்டர். முளை பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இருக்க வேண்டும், இரும்பு கூடாது. எத்தனை முளை அடித்தீர்கள் என்பதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கட்டத்தைத் தெருக்களுக்கு இணையாகப் போடாதீர்கள். ரோமானிய நகரங்கள் பொதுவாகச் சதுரங்கப் பலகை போல நேர்கோட்டுத் தெருக்கள் உள்ளவை. நீங்கள் நடக்கும் கோடும் சுவரும் ஒரே திசையில் ஓடினால், உங்கள் நடையால் வந்த பிழை எது, சுவர் எது என்று பிரிக்க முடியாது. கொஞ்சம் சாய்த்துப் போட்டால் சுவரைக் குறுக்கே வெட்டிப் போவீர்கள்.

படி 4: காந்தமானியோடு நடப்பது

புதிதாக வருபவருக்குப் பெரும்பாலும் இந்த வேலைதான் கிடைக்கும். வேகமானது, பெரிய நகரத்தை முழுதாகப் பார்க்க இதை விட்டால் வழியில்லை என்பது பல ஆண்டு நிலைமை. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரிக்குப் பக்கத்தில் ராக்ஸெட்டர் என்ற நகரம், மதிலுக்குள் மட்டும் சுமார் 78 ஹெக்டேர். 1990களில் அதன் தெருக்களையும் வீடுகளையும் வெளிக்கொண்டு வந்ததில் காந்தமானிக்குத்தான் பெரிய பங்கு.

இது வேலை செய்யும் விதம் எளிது. மண்ணில் இரும்புத் தாதுக்கள் எங்கும் கலந்திருக்கின்றன. நெருப்பில் 600, 700 டிகிரி வரை சூடாகி ஆறும்போது, அந்தத் தாதுக்கள் அப்போதைய பூமிக் காந்தத்தின் திசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் சூளை, அடுப்பு, செங்கல், ஓடு எல்லாம் சின்னச் சின்னக் காந்தங்கள். மனிதர் புழங்கிய மேல்மண்ணும், சாம்பலும் குப்பையும் சேர்ந்து, அடிமண்ணைவிடக் கூடுதல் காந்தம் கொண்டிருக்கும். அந்த மேல்மண் நிரம்பிய அகழி படத்தில் தெரிந்துவிடும். 1958இல் ஆக்ஸ்ஃபோர்டின் மார்டின் எய்ட்கென் வாட்டர் நியூட்டன் என்ற ரோமானிய நகரத்தின் பக்கத்தில் சாலை அகலப்படுத்தும் வேலைக்கு முன் காந்தமானியை எடுத்துப் போய்ச் சோதித்தார். கிடைத்தது ஒரு பானைச் சூளை. இந்தத் தொழிலின் முதல் வெற்றியே ரோமானியக் குயவர்களால் வந்ததுதான்.

அளவைக் கொஞ்சம் யோசியுங்கள். இங்கிலாந்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 48,000 நானோடெஸ்லா. ஓர் அகழி அதை மாற்றுவது சில நானோடெஸ்லா அளவுதான். சுவர் என்றால் இன்னும் குறையலாம். அவ்வளவு நுட்பமான கருவிக்கு முன்னால் உங்கள் பெல்ட் கொக்கி ஒரு மலை. சாவி, போன், கடிகாரம், உலோகக் கண்ணாடிச் சட்டம், இரும்பு முனை வைத்த பூட்ஸ், உள்ளாடைக் கம்பி எல்லாம் காரிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன் என்று நானும் நம்பித்தான் நடந்தேன். முதல் கட்டத்தைக் கணினியில் இறக்கியதும் வரிக்குதிரை மாதிரி ஒரு கோடு வெளுப்பு, ஒரு கோடு கருப்பு. குழுவை நடத்தியவர் 'கழுத்தில் என்ன?' என்று கேட்டார். தாலிச் சங்கிலி. தங்கம் ஒன்றும் செய்யாது; அதில் அவசரத்துக்கு என்று கோத்து வைத்திருந்த இரண்டு ஊக்குகள்தான் செய்த வேலை. வடக்கே போகும்போது ஒரு அளவு, தெற்கே திரும்பும்போது வேறு அளவு. அரை நாள் போச்சு.

நடப்பது ஏர் ஓட்டுவது போலத்தான், போய்த் திரும்பி, போய்த் திரும்பி. கோட்டுக்குக் கோடு 1 மீட்டர் இடைவெளி, நுணுக்கம் வேண்டுமென்றால் அரை மீட்டர். 1 மீட்டர் இடைவெளி என்றாலே ஒரு ஹெக்டேருக்கு 10 கிலோமீட்டர் நடை. ஃபலேரி நோவி அளவுள்ள நகரம் என்றால் 300 கிலோமீட்டருக்கு மேல். பல கருவிகளில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு 'பீப்' வரும். தரையில் விரித்த கயிற்றின் மீட்டர்க் குறியும் அந்தச் சத்தமும் ஒன்றாக வர வேண்டும். போகும்போது வேகம், திரும்பும்போது நிதானம் என்றால் நேர்ச்சுவர் படத்தில் மீன்முள் போல விழும். காலையில் கருவியைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு நாள் முழுக்க மறந்துவிடவும் கூடாது. வெயில் ஏற ஏற அளவு நகரும், ஒவ்வொரு சில கட்டத்துக்கும் ஒரு முறை சரிபாருங்கள்.

கம்பி வேலி, மின்கோபுரம், நிறுத்திவைத்த டிராக்டர் ஆகியவற்றிலிருந்து விலகியே இருங்கள். எரிவாயுக் குழாய் படத்தில் பெரிய கருப்பு வெள்ளைச் சங்கிலியாக வந்து சுற்றிலும் இருப்பதை விழுங்கிவிடும். மின்னல் விழுந்த இடம்கூட நட்சத்திரம் போலத் தெரியும். அதைப் பார்த்துக் கோயில் என்று குதித்தவர்கள் உண்டு.

சுவர் எந்த நிறத்தில் வரும் என்பது ஊருக்கு ஊர் மாறும். சுண்ணாம்புக் கல்லில் காந்தம் ஏறக்குறைய இல்லை, அதனால் சுற்றியுள்ள மண்ணைவிடக் குறைவாகக் காட்டும். எரிமலைக் கல்லில் கட்டியிருந்தால் தலைகீழ். ஃபலேரி நோவி எரிமலைப் பாறை மண்டலத்தில் இருக்கும் ஊர். 1990களின் கடைசியிலேயே காந்தமானியால் அங்கே தெருக்களும் மன்றமும் அரங்கும் தெரிந்துவிட்டன. ரேடார் வந்தது அதற்கும் 15 ஆண்டுக்கு மேல் கழித்து.

படி 5: மின்தடை அளவி

ஒரு சட்டத்தில் இரண்டு கம்பிகள், தூரத்தில் மண்ணில் குத்தி வைத்த இன்னும் இரண்டு கம்பிகள், நடுவில் நீண்ட வயர். ஒவ்வொரு மீட்டருக்கும் சட்டத்தைத் தூக்கிக் குத்த வேண்டும். ஈரமண் வழியே மின்சாரம் சுலபமாகப் போகும், கல் வழியே போகாது. எனவே சுவர் கூடுதல் தடையாகவும், அகழி குறைந்த தடையாகவும் வரும். கம்பிகளுக்கு நடுவே அரை மீட்டர் என்றால் ஏறக்குறைய அரை முதல் முக்கால் மீட்டர் ஆழம் வரைதான் தெரியும். மெதுவான வேலை, இடுப்பு ஒடியும். ஆனால் கம்போஸ்ட்டால் கெட்டுப்போன வயலிலும், காந்தமில்லாத கல்லால் கட்டிய ஊரிலும் இதுதான் கைகொடுக்கும். தொடர் மழைக்கு அடுத்த நாளும், மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நாளும் வேண்டாம். முதலாவதில் எல்லாமே ஈரம், இரண்டாவதில் கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பே இருக்காது.

படி 6: தரை ஊடுருவும் ரேடார்

மேலே சொன்ன இரண்டு கருவிகளும் எல்லா ஆழத்தையும் ஒரே படமாக நசுக்கிக் கொடுக்கும். இந்த மூன்றில் ரேடார் மட்டும்தான் அடுக்கடுக்காகப் பிரித்துக் கொடுக்கிறது. ஃபலேரி நோவி வேலை இத்தனை பேசப்பட்டதற்குக் காரணமும் அதுதான்.

கருவி ரேடியோ அலையை மண்ணுக்குள் அனுப்பும். மண்ணிலிருந்து கல்லுக்கு மாறும் இடத்தில் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும். போய்வர எத்தனை நானோநொடி ஆனது என்று பார்த்தால் ஆழம் தெரியும். காய்ந்த, மணற்பாங்கான மண்ணில் அலையின் வேகம் நானோநொடிக்குச் சுமார் 10 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால், 20 நானோநொடியில் திரும்பிய அலை 1 மீட்டர் ஆழத்திலிருந்து வந்திருக்கிறது. ஈரக் களிமண்ணில் வேகம் இதைவிடக் குறைவு. ஒரே 20 நானோநொடி அங்கே 70 செ.மீ. ஆகலாம். ஆக, வேகத்தைத் தப்பாகப் போட்டால் ஆழம் முழுக்கத் தப்பு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அடியில் தனியாகக் கிடக்கும் ஒரு கல்லோ குழாயோ ரேடார்ப் படத்தில் கவிழ்த்த மூங்கில் முறம் போல ஒரு வளைவாகத் தெரியும். அந்த வளைவு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடுவார்கள். மென்பொருளே செய்துவிடும், ஆனாலும் எந்த வளைவை எடுத்தது என்று நீங்கள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அலைவரிசை கூடினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். ரோமானிய நகரங்களில் பெரும்பாலும் 400, 500 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் நிற்பார்கள். ஒன்றரை மீட்டர் வரை சுவரும் தளமும் நன்றாகத் தெரியும். களிமண்ணில் அலை செத்துவிடும், அங்கே ரேடாரை நம்பிப் போகாதீர்கள். புல்லை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கருவி தரையைத் தொட்டு ஓடாமல் துள்ளினால், படமும் துள்ளும்.

கையால் தள்ளும் ஒற்றைக் கருவியில் கோட்டுக்குக் கோடு 25 அல்லது 50 செ.மீ. விடுவது வழக்கம். ஃபலேரி நோவியில் பல ஆன்டெனாக்களை வரிசையாகக் கட்டி, நான்கு சக்கர பைக்கின் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு 12.5 செ.மீ.க்கும் ஓர் அளவு. மொத்தம் 2,800 கோடிக்கு மேல் தரவுப் புள்ளிகள். ஒரு ஹெக்டேரை முழுதாகப் படித்து வரைந்து முடிக்கச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது என்று அவர்களே சொன்னார்கள். வயலில் வண்டி ஓட்டுவது சீக்கிரம் முடிந்துவிடும். பாரம் முழுக்க மேசையில்தான்.

அந்த நெருக்கத்தால் கிடைத்தது என்ன? வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் மூன்று புறமும் தூண் வரிசை சூழ்ந்த ஒரு பெரிய பொதுவிடம், சுமார் 90க்கு 40 மீட்டர். அப்படியொரு கட்டடம் அந்த ஊரில் இருந்தது என்று எவருக்கும் தெரியாது. தண்ணீர்க் குழாய்களோ தெருவோரமாக மட்டும் ஓடவில்லை. வீட்டுத் தொகுதிகளுக்கு அடியிலும் புகுந்து போகின்றன. முதலில் குழாய், அப்புறம் வீடு. ஊரைக் கட்டும் முன்பே தண்ணீருக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். தெருவைப் போட்டுவிட்டு மறுவாரம் குழாய்க்கு வெட்டும் ஊர்களில் வளர்ந்த நமக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

படி 7: பானை ஓடு பொறுக்குவது

கருவிகள் வடிவத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. ஒரு சுவர் கி.மு. 200ஆ கி.பி. 300ஆ என்று ரேடாருக்குத் தெரியாது. அதற்குத்தான் உழுத வயலில் வரிசையாக நடந்து, மேலே வந்திருக்கும் ஓட்டாஞ்சில்லுகளைக் கட்டம் வாரியாகப் பொறுக்கிப் பையில் போட்டு, கட்ட எண் எழுதி வைப்பது. உழுது, ஒரு மழை பெய்து, மண் கழுவப்பட்ட பிறகு போனால் நன்றாகக் கண்ணில் படும்.

பளபளக்கும் சிவப்பு ஓட்டை மட்டும் பொறுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்தில் செய்த அந்தச் சிவப்புப் பாத்திரங்கள் கடல் தாண்டி அரிக்கமேடு வரை வந்தவை. 1945இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது காலத்தை நிர்ணயிக்க அவருக்குக் கைகொடுத்தவை அவைதான். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு முன் இங்கிலாந்தில் வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தைத் தோண்டியவர் அவர். அந்த ஓடுகளை எங்கே கண்டாலும் அவருக்கு அடையாளம் தெரியும். ஆனால் மங்கலான, அழகில்லாத சமையல் பானை ஓடுகளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெராம்னா லிரெனாஸ் நல்ல சாட்சி. ரோமுக்குத் தென்கிழக்கே கி.மு. 312இல் உருவான 24 ஹெக்டேர் ஊர் அது. இறக்குமதிப் பாத்திரங்களை வைத்துப் பார்த்தவர்கள், இந்த ஊர் சீக்கிரமே நொடித்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். கேம்பிரிட்ஜ் குழு சாதாரண சமையல் பானை ஓடுகளையும் எண்ணிப் பார்த்தபோது, கி.பி. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஊர் நன்றாகவே இருந்தது தெரியவந்தது. ரேடாரில் கூரை வேய்ந்த ஒரு நாடக அரங்கும் கிடைத்தது. நொடித்துப்போன ஊர் அரங்கை வைத்துப் பராமரிக்குமா?

படி 8: படத்தைப் படிப்பது

மூலத் தரவை முதலில் தனியாகச் சேமித்துவிடுங்கள், அதில் கை வைக்காதீர்கள். நகலில்தான் கோடுகளைச் சமன் செய்வது, ஆணி, லாடம் போன்ற கூர்முனைகளை நீக்குவது எல்லாம். மென்பொருளில் பொத்தான்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றாக அழுத்தினால் படம் அழகாகிக்கொண்டே போகும், உண்மை கரைந்துகொண்டே போகும். இரண்டு, மூன்று திருத்தங்களோடு நிறுத்திக்கொள்வது என் பழக்கம்.

அப்புறம் தெருக்களைக் கண்டுபிடியுங்கள். தெரு தெரிந்தால் அவற்றுக்கு நடுவிலுள்ள வீட்டுத் தொகுதி தெரியும். ரோமானியர் அதை இன்சுலா என்றார்கள், தீவு என்று பொருள். இரண்டு முக்கியத் தெருக்கள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய வெற்றுச் சதுரம் இருந்தால் அது பெரும்பாலும் மன்றம். பிறைநிலா வடிவம் என்றால் நாடக அரங்கு. முட்டை வடிவம் என்றால் வட்டரங்கு. அது மதிலுக்கு வெளியே இருப்பதுதான் பரவலான வழக்கம். செங்கல் நிறையப் பயன்பட்ட குளிப்பகத்தைக் காந்தமானி உரக்கச் சொல்லும். தெருவைப் பார்த்தபடி சின்னச் சின்ன அறைகள் வரிசையாக நின்றால் கடைகள். ஆஸ்திரியாவில் கார்னுன்டும் நகரத்தில் 2011இல் ரேடார் படத்தில் ஒரு வட்ட வடிவப் பயிற்சிக்களத்தையும் சுற்றிலும் சிறு அறைகளையும் கண்டு, அதை வாள்வீரர் பயிற்சிப்பள்ளி என்று அடையாளம் கண்டார்கள். பக்கத்திலேயே வட்டரங்கு இருந்தது. ரோம் நகரத்துப் பயிற்சிப்பள்ளியின் தரைப்படம் ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது. ஒப்பிட ஒன்று இருந்ததால்தான் பெயர் சொல்ல முடிந்தது. அதனால் தோண்டி வெளிவந்த நகரங்களின் தரைப்படங்களைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள், பொம்பேயில் தொடங்கலாம்.

இரண்டு இடங்களில் புதியவர்கள் தவறாமல் சறுக்குவார்கள். ஒன்று, சுவர்க் கல்லைப் பிற்காலத்தார் பெயர்த்துக்கொண்டு போன இடம். அங்கே சுவர் இல்லை, சுவர் இருந்த பள்ளத்தில் மண் நிரம்பிக் கிடக்கிறது. சுவருக்கு வர வேண்டிய குறி தலைகீழாக வரும், அகழி என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவது, வெறுமை. வெண்டா இசெனோரத்தில் 2007இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் ஊர் முழுக்கக் காந்தமானியால் வரைந்தபோது, மதிலுக்குள் தெருக்கட்டம் இருந்தும் கட்டடக் குறியே அதிகம் இல்லாத பகுதிகள் தெரிந்தன. ஆளே இல்லாத மனைகளா, மரத்திலும் மண்ணிலும் கட்டிய வீடுகளா, கால்நடை நின்ற இடமா? கருவி இதற்குப் பதில் சொல்லாது. வேறுபாடு இல்லை என்று மட்டும்தான் அது சொன்னது.

ஆகவே வரைபடத்தில் மூன்று நிறம் வையுங்கள். உறுதியாகத் தெரிவது ஒன்று, இருக்கலாம் என்பது ஒன்று, என் ஆசை என்பது ஒன்று. மூன்றாவதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம். சொந்த நோட்டில் இருக்கட்டும்.

படி 9: கிளம்பும் முன்

மூலத் தரவு, கட்டத்தின் ஆள்கூறுகள், கருவியின் பெயர், அன்றைய வானிலை எல்லாவற்றையும் அனுமதி தந்த அலுவலகத்துக்கும் நிலத்துக்காரருக்கும் அறிக்கையோடு கொடுக்க வேண்டும். நிலத்துக்காரருக்கு ஒரு பெரிய படமாக அச்சடித்துக் கொடுங்கள். தன் கொல்லைக்கு அடியில் தெரு போகிறது என்று பார்க்கும்போது அவர் முகம் மாறும். அடுத்த ஆண்டு வாசல் தானாகத் திறக்கும். துல்லியமான இடத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். உலோகத் தேடுகருவியோடு இரவில் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் முளைகளை எண்ணுங்கள். அடித்தது எத்தனை என்று படி 3இல் எழுதிவைத்தீர்கள் அல்லவா, பிடுங்கியதும் அத்தனை இருக்க வேண்டும். வைக்கோல் கட்டுக்குள் சேர்ந்து போன பிளாஸ்டிக் முளை மாட்டின் வயிற்றுக்குள் போகும். ஒரு முறை எங்களுக்கு 64க்கு 63தான் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது, வண்டி கிளம்பத் தயார். ஆறு பேர் கைகோத்த தூரத்தில் வரிசையாக நின்று வயலைக் குறுக்கே ஒரு முறை நடந்தோம். அது ஆட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், சேற்றுக்குள், நுனி மட்டும் தெரிய நின்றிருந்தது.